அடுப்பு எரியாத வீட்டில் ஏறிய டிரம்

எங்கள் தெருவில் ஒரு மொட்டை மாடியில் சூரிய மின்சாரத் தகடு பதிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூலையில் கிடந்த என் பைப் ரெஞ்சைப் பார்த்துவிட்டு, "ஐயாவும் நம்ம லைனா?" என்றார்.

"சாண எரிவாயு. குழி போட்டு டிரம் இறக்குற பிட்டர்."

"அட! அதுல பெரிய விபத்து எதுவும் பாத்துருக்கீங்களா?"

"இல்லப்பா" என்றேன். அவர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விபத்து நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எட்டுப் பேர் கயிறும் கம்புமாக நின்ற ஒரு மத்தியானத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் "இல்லப்பா" என்று முடித்தது சரியில்லை என்று பட்டது. நான் நாலாவது வரைதான் படித்தவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் திருத்தி எழுதுகிறாள். பாதை மாறிப் போனால் இருமுவாள். இப்போதே ஒரு தடவை இருமிவிட்டாள்.

எழுபதுகளில் நான் செல்லூரில் ஆயில் என்ஜின் மெக்கானிக். பட்டறையைச் சுற்றி நாலு பக்கமும் தறிச் சத்தம். முதலாளி சௌராஷ்டிரக்காரர், எங்களிடம் தமிழில் திட்டுவார், கோபம் முற்றினால் அவர்கள் பாஷைக்குப் போய்விடுவார். அது புரியாததால் எங்களுக்கு அதுவே நிம்மதி. கிணற்று மோட்டாருக்குக் கரண்டு போகாத ஊரெல்லாம் அப்போது டீசல் என்ஜினை நம்பித்தான் இருந்தது. எங்கேயோ அரபு தேசத்தில் எண்ணெய் விலையை ஏற்றினார்கள் என்றார்கள். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பேரையூர்ப் பக்கத்துப் பருத்தி வாடினபோது அந்தத் தேசம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி டீசல் கிடைக்காமல் என்ஜினில் கடலை எண்ணெயை ஊற்றிவிட்டார். நான் போய்க் கழற்றினால் கிணற்றடி முழுக்க வடை சுட்ட வாசம். "ஓடுச்சா?" என்று கேட்டேன். "ஓடுச்சு. ஆனா எனக்குப் பசிச்சுப் போச்சு மெக்கானிக்கு" என்றார்.

சீமெண்ணெய்க்கும் அதே பாடு. ரேஷன் கடை திறக்கிற அன்றைக்குப் பெண்கள் விடியும் முன்னே வந்து டின்னை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அடையாளத்துக்கு ஒவ்வொரு டின்னிலும் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருக்கும். மத்தியான வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. தெருக் கோடி வரைக்கும் காலி டின்கள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். காற்றில் அந்தத் துணிகள் ஆடும். சைக்கிளில் அந்த வழியாகப் போகும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஊரையே காலி செய்துவிட்டு எல்லோரும் போய்விட்டது போலவும், டின்கள் மட்டும் யாருக்கோ காத்திருப்பது போலவும்.

அந்தச் சமயத்தில்தான் சாண எரிவாயு என்று ஒரு பேச்சு வந்தது. எங்கள் பட்டறைக்கு இரும்பு டிரம் செய்கிற வேலை வந்தது. வெல்டிங் பழகினேன், பைப் போடப் பழகினேன். ஆறு மாதத்தில் குழி வேலைக்கே ஆள் வேண்டும் என்று ஓர் ஆபீசில் கேட்டார்கள். போய்ச் சேர்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அந்த ஆபீசில் எனக்கு மேலே இருந்தவர் ஜெகநாதன் சார். ஒல்லியான ஆள். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். குழிக்குப் பக்கத்தில் போனால் அதுவும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார், குடையை மடக்குவார், மூக்கைத் தூக்கி நிற்பார். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் அப்படியே நிற்பார். பார்க்கிறவர்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக் கைகட்டி நின்றதுண்டு. அவர் பார்த்தது வாயு கசிகிறதா என்றுதான். பிறகு சோப்பு நுரையைத் துணியில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவுவார். நுரை முட்டை விட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். திட்ட மாட்டார். அந்தப் பார்வைக்குத் திட்டே மேல்.

டிரம் இருக்கிறதே, அதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிணறு மாதிரி ஒரு குழி. அதில் சாணியும் தண்ணீரும் சரிபாதி கரைத்து விடுவோம். அதன் மேல் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்து மிதக்க விடுவோம். உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். வேறு சத்தமில்லை, புகையில்லை, ஆளில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நேற்று இருந்ததைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும். நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன். முதல் தடவை எழும்பும்போது பார்க்க இன்றைக்கும் எனக்கு மயிர் கூச்செறியும்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று இருந்தது. முதல் தடவை சேருகிற வாயுவில் காற்றும் கலந்திருக்கும், அதைப் பற்றவைத்தால் வெடிக்கும். ஆகையால் பற்றவைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும் என்பது சாருடைய சட்டம். அன்றைக்கு வாயுக் குழாயின் திருகைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றோம். காளை வாடிவாசலில் நிற்பது போல் நான்கு காலையும் ஊன்றி, குழியையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மூக்கணாங்கயிறு அறுகிற மாதிரிப் பின்னால் இழுத்தது.

"ஆயிரம் பேரு கத்துனாலும் அசையாத மாடுங்க இது" என்றார் வீட்டுக்காரர். "அது கண்ணுக்கு என்னமோ தெரியுது சார்."

"மூக்குக்குத் தெரியுது" என்றார் சார், மெதுவாக. "நமக்கு முன்னாடி அதுக்குத் தெரியுது. அது எங்க நிக்குதோ அங்க நாமளும் நிப்போம்." காளைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மருமகள் இருமுகிறாள்.

சாரிடம் ஒரு கேள்வித்தாள் உண்டு. குழி போடுமுன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். எத்தனை மாடு, கட்டுத்தறியிலா மேய்ச்சலிலா, எத்தனை பேர் சாப்பிடுகிறவர்கள், தண்ணீர் எவ்வளவு தூரம், எந்த மரத்து நிழல் எத்தனை மணிக்குக் குழி மேல் விழும். வருஷத்தில் எந்தத் திருவிழாவுக்கு எத்தனை விருந்தாளி வருவார்கள் என்பது வரைக்கும் கேட்பார். "எண்ணெய் போனதுக்கு மாத்து வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்து எங்கயும் கிடக்கு. யோசிச்சுப் போட ஆளில்ல" என்பார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசுவது அபூர்வம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வேலை முடிந்து ஒப்படைக்கிற அன்றைக்கு வீட்டில் இருக்கிற எல்லோரையும் நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அடுப்பில் தீக்குச்சி முதலில், திருகு அப்புறம். குழிக்குப் பத்தடிக்குள் விளக்கோ பீடியோ கூடாது. டிரம் உச்சி வரைக்கும் ஏறி முட்டிக்கொண்டு நின்றால் அடுப்பை எரித்து இறக்கிவிட வேண்டும்.

பேரையூரைத் தாண்டி ஒரு கரிசல் ஊர். ஒச்சப்பன் என்று ஒரு சம்சாரி. என் வயதுதான் இருக்கும். அவருக்கு இளைப்பு. அடுப்புப் புகை வந்தால் நெஞ்சுக் கூட்டுக்குள் பூனை கத்துவது போல் ஒரு சத்தம் வரும். அதற்காகவே குழி வேண்டும் என்று செல்லூர் வரைக்கும் வந்து கேட்டவர். குழி போட்டோம். ஒப்படைக்கிற அன்றைக்கு சார் வரவில்லை, என்னைத்தான் அனுப்பினார். ஒச்சப்பன் சம்சாரம் பேச்சியம்மாள் பருத்தி எடுக்கப் போயிருந்தது. எனக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குழியைப் பற்றி ஒச்சப்பனுக்குச் சொன்னேன். கிளம்புகிற நேரத்துக்கு அந்தம்மா மடி நிறையப் பருத்தியோடு வந்து நின்றது. அடுப்பை மட்டும் அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். வெளி வேலை ஆம்பளைக்கு, உள் வேலை பொம்பளைக்கு என்று நானே பிரித்துக்கொண்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு கார்டு வந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. ஒச்சப்பன் போய்விட்டார் என்று ஒரு வரி. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'டிரம் தானா மேல வருது. வந்து பாக்கவும்' என்று இருந்தது.

துக்கம் கேட்டது போலவும் இருக்கும் என்று மறுநாளே கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்தேன். கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்திச் செடியில் வெடித்த பஞ்சு எடுக்க ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்தே ஒச்சப்பன் வீட்டுச் சுவருக்கு மேலே கறுப்பாக ஒன்று தெரிந்தது. முதலில் யானை படுத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஊரில் ஏது யானை? அது டிரம். நான் போட்ட எந்த டிரம்மும் அவ்வளவு உயரம் எழும்பி நான் பார்த்ததில்லை.

வாசலில் நாலைந்து பெண்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. எல்லோரும் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்போது கேட்டது. குழியிலிருந்து ஒரு சத்தம். களுக் என்று ஆரம்பித்து, நீளமாக இழுத்து, பூனை கத்துவது போல் முடிந்தது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்து எழுந்து நின்றது. "வாங்கண்ணே" என்றது. அப்புறம், "கேக்குதா?" என்றது.

"கேக்குது தங்கச்சி."

"அஞ்சு நாளா இப்பிடித்தேன். அவருக்கு இளைப்பு வந்தா இதே சத்தந்தேன் வரும். நீங்களும் கேட்டுருக்கீகளே."

 கேட்டிருக்கிறேன். அதே சத்தம்தான்.

குழிக்குச் சாணி கரைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி, குழியை ஒட்டிய கரைசல் தொட்டியடியிலேயே ஒச்சப்பன் உயிர் போயிருக்கிறது. உயிர் பிரிந்த இடத்தில் விளக்கு வைப்பார்கள். கருமாதி முடிகிற வரைக்கும், அதாவது பதினாறாம் நாள் வரைக்கும், அது அணையக் கூடாது. குழியின் கைப்பிடிச் சுவர் மேல் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. காற்றுக்கு மறைப்பாகப் பனையோலை வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் இழவு வீட்டில் அடுப்பும் பற்றவைக்கக் கூடாது, சாப்பாடு உறவுக்காரர் வீட்டிலிருந்துதான் வரும். ஆக ஐந்து நாளாக அடுப்பு எரியவில்லை. தம்பி பார்த்த வேலை நிற்கக் கூடாது என்று ஒச்சப்பனின் அண்ணன் வீரணன் தினம் இரண்டு பங்கு சாணி கரைத்து ஊற்றியிருக்கிறார். உள்ளே சேர்ந்த வாயுவுக்கு அடுப்பு வழி அடைபட்டுவிட்டது. டிரம் முட்டிவிட்டது. இனி வருவதெல்லாம் சாணிக் கரைசலைப் பிளந்துகொண்டு டிரம் ஓரமாகத்தான் வரும். அதுதான் அந்தச் சத்தம். இதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் காதுக்கு அது ஒச்சப்பன் இளைப்பாகத்தான் கேட்டது.

வீரணன் கொல்லையில் நின்றார். அவரோடு எட்டுப் பேர், வடக்கயிறும் சவுக்குக் கம்புமாக.

"நல்ல நேரத்துக்கு வந்த மெக்கானிக்கு. இந்தக் கவுத்த எங்க கட்டணும், சொல்லு. தூக்கப் போறோம்."

"எதை?"

"டிரம்மத்தேன். குறி சொல்ற கோடாங்கி வந்து பாத்துச் சொல்லிட்டான். எந்தம்பி உள்ள மாட்டிக்கிட்டான். மூடிய எடுத்தாத்தேன் வெளிய போவான். காலையில போட்ட மாலையப் பாரு. வாங்க மாட்டேங்கான்."

பார்த்தேன். டிரம் தோளில் ஒரு செவ்வந்தி மாலை தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழ்ப் பூக்கள் சுருங்கின, கறுத்தன, உதிர்ந்தன. நெருப்பு எதுவும் இல்லை. உச்சி வெயில், பளீரென்று. பூ மட்டும் தானாகக் கீழிருந்து மேலாகக் கரிந்துகொண்டே போனது. டிரம்மும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு சாண் திரும்பியது. நின்றது. பெண்கள் பக்கமிருந்து ஒரு மூச்சு வந்தது.

நான் குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். டிரம்முக்குப் பின்னால் தூரத்தில் நின்ற பனைமரங்கள் தண்ணீருக்குள் நிற்பது போல் நெளிந்தன. டிரம்மின் அடிப்பக்கத்துக் கறுப்புப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. ஓலை மறைப்பு ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. அகல் விளக்கிலிருந்து வாயு பற்றிக்கொண்டு, டிரம்மைச் சுற்றி வளையமாக எரிந்துகொண்டிருக்கிறது. சாண வாயு நீலமாக எரியும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. எத்தனை நாளாக எரிகிறதோ.

"எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். "தீ எரியுது!"

"எங்கயா எரியுது?" என்றார் எட்டுப் பேரில் ஒருவர். "கண்ணு கிண்ணு போச்சா?"

கொல்லையில் கொட்டிக்கிடந்த பருத்தியில் ஒரு பிடி எடுத்து, கவட்டைக் கம்பின் நுனியில் சுற்றி, டிரம் ஓரமாக நீட்டினேன். ஒன்றுமில்லாத இடத்தில் பஞ்சு குப்பென்று பிடித்துக்கொண்டது. இதைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். பட்டறையில் வளர்ந்தவனுக்கு அவ்வளவுதான் புத்தி. ஒரு ஆள் கயிற்றைப் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார். இன்னொருவர், "பாத்தீகளா, அவந்தேன்! கோவமா இருக்கான்!" என்று கத்தினார். வீரணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னும் என்னயா பாக்குறீக? எந்தம்பி வேகுறான். பிடிங்கடா கவுத்த!"

அந்த டிரம்மைத் தூக்கினால் உள்ளே இருக்கிற ஐந்து நாள் வாயு முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வரும். வெளியே வளையமாகத் தீ காத்திருக்கிறது. எட்டுப் பேர் முகமும் அந்தத் தீக்கு ஒரு முழத்தில் இருக்கும். நான் ஓடிப்போய் டிரம்மின் கைப்பிடிக்கும் வீரணனுக்கும் நடுவில் நின்றேன். காலில் சூடு ஏறியது.

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. முதல்ல அந்த விளக்க எடுத்துருவோம். ஈரச் சாக்கப் போட்டு..."

"விளக்குல கை வச்சேன்னா நீ செல்லூர் போய்ச் சேர மாட்ட." அவர் சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் பயந்தேன்.

"அப்ப இன்னொரு வழிதேன் இருக்கு. அடுப்பப் பத்தவைக்கணும். வாயு அந்த வழியா எரிஞ்சு போனா டிரம்மு எறங்கும். சத்தமும் நிக்கும்."

கயிறு பிடித்தவர்கள் வீரணனைப் பார்த்தார்கள். பிறகு ஒச்சப்பனின் அக்காள் செல்லாயி வாசலிலிருந்தே எழுந்து வந்தது.

"இழவு வீட்ல அடுப்பப் பத்தவைக்கச் சொல்றான்! எந்தூருப் பயடா நீ? எந்தம்பி போயி அஞ்சு நா முழுசா ஆகல, இங்க தாளிக்கச் சொல்றியா?"

நான் பேச்சியம்மாள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"தங்கச்சி, தப்பு எம்மேலதேன். டிரம்மு முட்டுனா என்ன செய்யணும், விளக்கு எம்புட்டுத் தள்ளி இருக்கணும், எல்லாத்தையும் அவருகிட்டச் சொன்னேன். உங்கிட்டச் சொல்லல. அவரோட அதுவும் போயிருச்சு."

பேச்சியம்மாள் டிரம்மைப் பார்த்தது. சத்தம் வந்தது. அது முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டது.

"இதத் தூக்குனா என்னண்ணே ஆகும்?"

"தூக்குறவுக ஒருத்தரும் மிஞ்ச மாட்டாக."

"அடுப்பு எரிஞ்சாப் போதுமா? சோறு பொங்கணுமா?"

"எரிஞ்சாப் போதும்."

"அப்ப வெந்நீ வைக்கிறேன்."

"ஏண்டி!" என்றது செல்லாயி. "பதினாறு நா பொறுக்க மாட்டியா? ஊரு என்ன சொல்லும்? புருசன் சூடு ஆறல, அடுப்புச் சூடு கேக்குதுன்னு சொல்லும்."

பேச்சியம்மாள் கழுத்தில் அப்போது தாலி இருந்தது. கருமாதி அன்றைக்குத்தான் எடுப்பார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னது. "நான் ஒருத்தி அறுக்கிறது போதும் மதினி. எட்டு வீட்ல அறுக்க வேணாம். எனக்குப் பேரு வந்தா வரட்டும்."

கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர் கையை விட்டார். அவர் சம்சாரமும் அந்தப் பெண்கள் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு குரல், "ஏங்க, இங்கிட்டு வாங்க" என்று மட்டும் வந்தது. வீரணன் திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். 

அடுக்களை ஐந்து நாள் பூட்டிக் கிடந்தது. கதவைத் திறக்கச் சொன்னேன், ஜன்னலையும் திறக்கச் சொன்னேன். நான் உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றி வைத்தேன். வாசல்படியில் மூக்கைத் தூக்கி நின்றேன், ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். பின்னால் அத்தனை பேரும் நிற்கிறார்கள், குழி இழுத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு அவசரப்படக் கை துடிக்கிறது. இருந்தாலும் நின்றேன். சோப்பு நுரை எடுத்து அடுக்களைக்குள் இருக்கிற ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். முட்டை விடவில்லை. வெளியே வந்து தலையசைத்தேன்.

பேச்சியம்மாள் ஒரு பெரிய ஈயப் பானையில் தண்ணீர் கொண்டு வந்து அடுப்பில் வைத்தது. அரிசி இல்லை, பருப்பு இல்லை, உப்பு இல்லை. தீக்குச்சியைக் கிழித்தது. பிறகு திருகைத் திறந்தது. அடுப்பில் தீ பிடித்தது. அந்த இருட்டு அடுக்களைக்குள் நீலமாக, நன்றாகத் தெரிந்தது.

நான் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சுண்ணாம்பு தொட்ட நீளக் கம்பால் டிரம்மின் மேல்பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன். வீரணனும் வந்து கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோடு ஒரு விரற்கடை இறங்கியது. பனைமரங்களின் நெளிவு நின்று, நேராகத் தெரிந்தன. வளையம் தானாக அணைந்துவிட்டது. அகல் மட்டும் எரிந்தது. சத்தம் நின்று நின்று வந்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அந்த இடைவெளிகளில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசியாக ஒன்று மெல்லிசாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

பெண்கள் அப்போதுதான் அழ ஆரம்பித்தார்கள். ஐந்து நாளாக அடைபட்டுக் கிடந்த ஒப்பாரி மொத்தமாக வெடித்தது. வீரணன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

பேச்சியம்மாள் அழவில்லை. பானை மாற்றி பானை வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தது. ஆவியில் அதன் முகம் தெரியவில்லை. "எறங்கிட்டாரா அண்ணே?" என்று உள்ளிருந்து கேட்டது.

சாரிடம் வேலை பார்த்தவன் நான். உள்ளே சாணியும் வாயுவும்தான் இருக்கிறது என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை.

"எறங்கிட்டாரும்மா" என்றேன்.

ஆபீசுக்குத் திரும்பி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸைப் பிடிக்க ஓடினதையும் சேர்த்து. அவர் என்னைப் பார்க்கவில்லை, கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருவிழாவக் கேட்டோம்" என்றார். "வேணுங்கிற நாளத்தான் கேட்டோம். வேணாங்கிற நாள நான் கேக்கல. எண்ணெயா இருந்தா எரிக்காத நாள் டின்னுல கிடந்துருக்கும். வாயு கிடக்காது." என் தப்பை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கேள்வித்தாளில் ஒரு வரி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "கருமாதி முடிஞ்ச மறுநாள் போய் அந்தம்மாவுக்குக் குழியச் சொல்லிக் குடுத்துட்டு வா. நின்னு சொல்லு. அன்னிக்கு உனக்கு பஸ் கிடையாது."

போனேன். நடுவில் பதினோரு நாளும் தினம் வெந்நீர் வைத்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செல்லாயி மட்டும் கடைசி வரைக்கும் அந்த வெந்நீரைத் தொடவில்லையாம், பச்சைத் தண்ணீரில்தான் குளித்ததாம்.

விளக்கு எடுத்தாகிவிட்டது. கைப்பிடிச் சுவரில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. பேச்சியம்மாள் வெறுங்கழுத்தோடு வந்து குழியோரம் நின்றது. சாணி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, தீ எவ்வளவு தூரம், முட்டினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். தவறாமல் சொன்னது. சாணிக் கரைசல் மேல் ஏடு படியாமல் இருக்க டிரம்மைத் தினம் ஒரு தடவை பிடித்துச் சுற்றிவிட வேண்டும் என்று சொன்னபோதுதான் கொஞ்சம் தயங்கியது.

"அவரு எந்தப் பக்கமாச் சுத்துவாரு?"

"எந்தப் பக்கமாச் சுத்துனாலும் ஒண்ணுதேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளியது. டிரம் கனமாக அசைந்து, பெருமூச்சு விட்டது போல் ஒரு சத்தத்தோடு சுற்றி நின்றது. பேச்சியம்மாள் கையை எடுக்கவில்லை. இரும்பில் காதை வைத்துக் கேட்டது. நான் ஓர் எட்டு கிட்டப் போனேன்.

"என்ன தங்கச்சி?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றது. "இன்னிக்கு இளைப்பு இல்ல." கையைக் கழுவிக்கொண்டு உலை வைக்க உள்ளே போனது.